புண்ணும் வடுவும்: பனியன் நகரத்தில் ஆற்றுப்படுத்தல்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பொன்றில் தன்வரலாற்று இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மூன்றாண்டுகள் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்த்தவள். பிறகு தனித்தேர்வராக எழுதித் தேறிக் கல்லூரிக்கு வந்திருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால் வந்தது வினை. "புத்தகத்தில் இருப்பதையெல்லாம் விடுங்கள், நம் வகுப்பிலேயே ஒரு தன்வரலாறு இருக்கிறது" என்று சொல்லி, மில்லில் இருந்த நாட்களைப் பற்றிப் பேசுமாறு அவளை எழுப்பிவிட்டேன். நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. முகத்தில் எதுவுமே இல்லை. அழுதிருந்தாலாவது எனக்குப் புரிந்திருக்கும். மறுநாளிலிருந்து பன்னிரண்டு நாட்கள் அவள் வகுப்புக்கு வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போகும் அவள் தாயார் திண்ணையில் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்கய்யா, நாங்களே அவகிட்ட எதுவும் கேக்கறதில்லீங்க. அவளாச் சொல்றப்பச் சொல்லட்டும்னு உட்டுட்டமுங்க."

அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது, முதுகலைத் தமிழ் படித்து இருபதாண்டு பாடம் நடத்திய எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இதை ஒரு கல்வியாக உலகம் எப்போது எண்ணத் தொடங்கியது, அது நம் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்று அதன்பின் தேடிப் படித்தேன். இக்கட்டுரை அந்தத் தேடலிலிருந்து பிறந்தது. நான் உளவியல் படித்தவனல்லன். சொற்களின் வழியாகத்தான் எனக்கு எதுவும் பிடிபடும் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

*

ஆங்கிலத்தில் 'ட்ராமா' என்று வழங்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் வெறும் 'புண்' என்பதே. உடலின் புண்ணைக் குறித்த சொல் மனத்தின் புண்ணுக்கு ஆகிவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். தமிழில் இதற்கு மனக்காயம், உளக்காயம், மன அதிர்ச்சி என்று பலவாறு எழுதுகிறோம். ஈழத்தமிழில் வேரூன்றிய சொல் 'மனவடு'. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பொருத்தமாகப் படுகிறது. வள்ளுவரின் 129ஆம் குறள் தீயால் சுட்டதைப் புண் என்கிறது, நாவால் சுட்டதை வடு என்கிறது. ஆறக்கூடியது ஒன்று, ஆறாதது மற்றொன்று. பரிமேலழகரும் இவ்வேறுபாட்டைக் கவனித்து உரை எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத காயத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் தழும்பின் பெயரைச் சூட்டியதில் யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் அறிந்தோ அறியாமலோ குறளின் பக்கம் நின்றார்கள்.

மேற்கில் இதன் வரலாறு போர்க்களத்தில் தொடங்குகிறது. உடலில் காயமே இல்லாமல் பேச்சிழந்தும் நடுங்கியும் பதுங்குகுழிகளிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பற்றிச் சார்லஸ் மையர்ஸ் 1915இல் 'லான்செட்' இதழில் எழுதியபோது 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவத்துக்குள் வந்தது. கோழைகள் என்று தண்டிக்கப்பட்டவர்களும் உண்டு. வியட்நாம் போருக்குப் பின், 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு இதை ஒரு நோயாக ஏற்றுப் பட்டியலிட்டது. 1992இல் ஜூடித் ஹெர்மன் எழுதிய நூல் இன்னொரு வாசலைத் திறந்தது. போர்வீரனுக்கு நேர்வதும், வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கு நேர்வதும் ஒரே காயம் என்றார் அவர். அது அன்று சிறிய துணிச்சலன்று.

இதுவரை பேச்செல்லாம் காயம்பட்டவரைப் பற்றியது. அவருக்கு உதவ வரும் அமைப்பைப் பற்றிய பேச்சு 2001இல் மாக்சீன் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் இருவரும் பதிப்பித்த ஒரு தொகுப்போடு வலுப்பெற்றது. அவர்கள் கேட்டது எளிய கேள்வி. மருத்துவமனை, விடுதி, காப்பகம், அலுவலகம் ஆகிய இடங்களுக்கு வருகிறவர்களில் யார் காயம்பட்டவர் என்று முன்கூட்டித் தெரியாது. அப்படியானால் எல்லோரும் காயம்பட்டிருக்கக்கூடும் என்று எண்ணியே அவ்விடத்தை ஏன் அமைக்கக் கூடாது? காவலாளி, எழுத்தர், விடுதிக் காப்பாளர், சமையல்காரர் வரை எல்லோருக்கும் ஏன் இதைக் கற்பிக்கக் கூடாது? 'உனக்கு என்ன கோளாறு' என்பதை விட்டுவிட்டு 'உனக்கு என்ன நேர்ந்தது' என்று எண்ணிப் பார்க்கச் சொல்வது இம்முறையின் சாரம். கவனிக்க வேண்டும்: எண்ணிப் பார்க்கத்தான் சொல்கிறார்கள், வகுப்பின் நடுவில் எழுப்பிக் கேட்கச் சொல்லவில்லை. 2014இல் அமெரிக்க அரசு நிறுவனமொன்று வெளியிட்ட வழிகாட்டி, காயத்தின் பரவலை உணர்தல், அறிகுறிகளை அடையாளம் காணல், அதற்கேற்ப நடந்துகொள்ளல் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: உதவுகிறேன் என்ற பெயரில் மீண்டும் காயப்படுத்தாதிருத்தல். நான் தவறியது அந்த நான்காவதில்.

*

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நமக்கெதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். ஆனால் சாதாரண மனிதர்களைப் பயிற்றுவித்து மனக்காயத்துக்கு மருந்திடும் வேலையில் இந்தியாவும் இலங்கையும் பின்தங்கியவை அல்ல. காரணம் பெருமைக்குரியதன்று: நம்மிடம் உளமருத்துவர்கள் போதுமான அளவு எப்போதும் இருந்ததில்லை.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தது. நுரையீரலுக்கும் கண்ணுக்கும் மருத்துவம் தேடியவர்கள் உறக்கத்துக்கும் அச்சத்துக்கும் தேடவில்லை. மறு ஆண்டு, பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த மருத்துவர்கள் கையேடு ஒன்றைத் தயாரித்து, அப்பகுதி மருத்துவ நிலையங்களில் பணிபுரிந்த ஏறத்தாழ ஐம்பது பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். சீனிவாசமூர்த்தி முதலியோர் முன்னெடுத்த அந்தப் பணி, பெருந்துயருக்குப் பிறகு மனநலமும் நிவாரணத்தின் ஒரு பகுதி என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் அடிகோலியது. ஒடிசாப் புயல் (1999), குஜராத் நிலநடுக்கம் (2001) ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களின் வட்டம் மருத்துவரைத் தாண்டி ஆசிரியர், தன்னார்வலர் என்று விரிந்தது.

தமிழ்ப் பரப்பில் இவ்வேலை மிக ஆழமாக நடந்த இடம் யாழ்ப்பாணம். 1987இல் தொடங்கப்பட்ட சாந்திகமும், யாழ் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடைய சகாக்களும் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆசிரியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் கிராம மட்ட ஊழியர்களையும் பயிற்றுவித்தார்கள். குண்டு விழும் ஊரில் நோயாளியும் மருத்துவரும் ஒரே பதுங்குகுழியில் இருப்பார்கள். பயிற்றுவிப்பவரும் காயம்பட்டவரே. சோமசுந்தரத்தின் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' 1998இல் வந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2014இல் வந்த நூலின் பெயர் 'ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்'. முதல் தலைப்பில் வடுப்பட்டவை மனங்கள், இரண்டாவதில் சமூகங்கள். இடையில் அவர் சிந்தனை நகர்ந்த தொலைவு இவ்விரு சொற்களுக்குள் இருக்கிறது. தனியாளின் மனத்தை மட்டும் சீர்செய்துவிட முடியாது, அவர் வாழும் கூட்டத்தின் உறவும் நம்பிக்கையும் சிதைந்திருக்கின்றன என்பதே அது. திருப்பூரைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

தமிழ்நாட்டில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா, பட்டம் பெறாத தன்னார்வலரையும் செவிமடுக்கப் பயிற்றுவிக்கலாம் என்று காட்டியது. 2004 நமக்குக் கொடிய ஆண்டு. ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். டிசம்பரில் ஆழிப்பேரலை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்நாட்களில் கடற்கரைக்கு வந்து குவிந்த 'ஆலோசகர்'களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இழந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை விவரிக்கச் சொல்லும் முறை அப்போது பரவலாக இருந்தது. 1980களில் அமெரிக்காவில் தீயணைப்பு, அவசரப் பணியாளர்களுக்கென்று உருவான முறை அது. ஒரே அமர்வில் இப்படிப் பேசவைப்பதால் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் உண்டு என்று ஆய்வுகள் அதற்குள்ளாகவே சொல்லியிருந்தன. அதே காலத்தில் சிநேகாவின் தன்னார்வலர்கள் சென்னை மீனவக் குப்பங்களில் செய்தது வேறு. உறவிழந்தவர்களை மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது, அவ்வாறு சந்திக்கப்பட்டவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைக் காட்டிலும் குறைந்திருந்தது. 2008இல் அவ்வாய்வு வெளியாயிற்று.

2011இல் உலகச் சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 'உளவியல் முதலுதவி' என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. பார், கேள், கொண்டுசேர் என்ற மூன்று சொற்களில் அதை அடக்கிவிடலாம். கேள் என்றால் துருவிக் கேட்பதன்று, சொன்னால் செவிகொடுப்பது. இந்த மூன்றாவது சொல்லைக் கண்டபோது ஒரு தமிழாசிரியனுக்கு உண்டாகும் அற்ப மகிழ்ச்சி எனக்கும் உண்டாயிற்று. தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்பதைச் சிலர் 'ஆற்றுப்படுத்துதல்' என்று வழங்குகிறார்கள். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் பாணனுக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. வழி சொல்கிறவன் புலவனோ அரசனோ அல்லன். நேற்றுவரை அதே பசியில் இருந்தவன். அவன் எதிராளியின் பசியைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்பதில்லை. பார்த்தாலே தெரிகிறது.

*

இனி நம் ஊர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் என விரியும் இந்த நூல்-துணி வட்டாரத்தில் கதை இரண்டு வகை. திருப்பூர் நகரத்துப் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலோர் வாடகை வீடுகளிலிருந்து வேலைக்கு வருவார்கள். கூலி ஷிப்டுக் கணக்கில். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். இங்கே தொழிற்சங்கத்துக்கு வரலாறு உண்டு. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் ஊரே வேலைநிறுத்தம் செய்தது. சுற்றியுள்ள நூற்பாலைகளின் கதை வேறு. தென்மாவட்டங்களிலிருந்தும் மேற்கிலிருந்தும் பதின்வயதுப் பெண்களை அழைத்துவந்து, ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதியில் வைத்து, மூன்றாண்டு முடிந்ததும் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை மொத்தமாகத் தருவதாகச் சொன்ன திட்டத்துக்குச் 'சுமங்கலி' என்று பெயர். திருமகள், மாங்கல்யம் என்று வேறு மங்கலப் பெயர்களும் வழங்கின. மங்கலச் சொல்லை இவ்வளவு கொடூரமாகத் தமிழில் வேறெங்கும் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. இடையில் விட்டுப் போனால் தொகை பெரும்பாலும் கிடைக்காது. வெளியே போக அனுமதி அரிது, கைப்பேசிக்குத் தடை, இரவு ஷிப்ட், மேற்பார்வையாளரின் வாய். இவற்றையெல்லாம் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011லும் 2014லும் வெளியிட்ட அறிக்கைகள் உலகுக்குச் சொல்லின. இங்குள்ளவர்களுக்கு அறிக்கை தேவைப்படவில்லை. பேருந்தில் பெட்டியோடு ஏறும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அறிக்கைகள் வந்தபின் பயிற்சிகள் வந்தன. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் 2007இலேயே பெண் தொழிலாளருக்கான வாழ்க்கைத் திறன் பயிற்சியை இந்தியாவில் தொடங்கியிருந்தது. பிரிட்டனின் நெறிசார் வணிகக் கூட்டமைப்பு 'நலம்' என்ற பெயரில் நூற்பாலைப் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து உடல்நலப் பயிற்சி கொடுத்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் என்றானது. அதற்கும் பயிற்சி.

இவற்றைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பயிற்சிகள் காயம்படுகிறவளுக்கே அளிக்கப்பட்டன. எப்படித் தன்னம்பிக்கையோடு பேசுவது, எப்படி மன அழுத்தத்தைச் சமாளிப்பது, எப்படி மூச்சு விடுவது. 2019இல், ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயரில்லா மாத்திரைகள் கொடுத்து வேலை வாங்கப்படுவதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை நூறு பெண்களிடம் பேசி வெளிக்கொணர்ந்தது. உற்பத்தி இலக்கும் கழிவறை இடைவேளையும் அப்படியே இருக்க, அந்தப் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுப்பதை என்னவென்று சொல்வது?

நானும் ஒருமுறை அப்படியொரு ஒருநாள் பயிற்சிக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். எந்த அமைப்பு என்று சொல்ல விரும்பவில்லை. குளிரூட்டிய அறை, திரையில் ஆங்கிலம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பயிற்சியாளர், ஒவ்வொருவரும் தம் வாழ்வின் மிகத் துயரமான நிகழ்ச்சியைப் பகிர வேண்டும் என்றார். ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டார். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயிற்சியாளரைக் கண்டிக்க எனக்கு என்ன தகுதி?

*

2021 ஜனவரியில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் குழுமத்துக்குச் சொந்தமான, திண்டுக்கல் மாவட்டத்து நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவ்வாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அப்பெண்ணின் பெயரை இங்கு எழுதவில்லை. அவர் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். பெண்கள், அதிலும் பெரும்பாலும் தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் சங்கம் அது. தலைவர் திவ்ய ராகினி. ஆசியத் தள ஊதியக் கூட்டணியும் அமெரிக்காவிலுள்ள தொழிலாளர் நீதி அமைப்பொன்றும் துணைநிற்க, ஓராண்டுக்கும் மேல் போராடி 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' எட்டப்பட்டது. ஈஸ்ட்மேன் நிறுவனம் சங்கத்தோடு கையெழுத்திட்டது. எச் அண்ட் எம் தனியே கையெழுத்திட்டது, கேப்பும் பிவிஎச்சும் பின்னர் சேர்ந்தன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வணிகப் பாதிப்பு உண்டு என்பதுதான் அதன் பல். ஆசிய ஆடைத் தொழிலில் பாலின வன்முறைக்கு எதிராக ஏற்பட்ட முதல் பிணைப்பு ஒப்பந்தம் என்று அது கருதப்பட்டது.

நம் பொருளுக்கு வேண்டியது அதில் உள்ள பயிற்சி. தொழிலாளர், மேற்பார்வையாளர், நிர்வாகிகள் என்று எல்லோருக்கும் பயிற்சி. உற்பத்தி வரிசைகளிலிருந்தே பெண்களைச் சங்கம் தேர்ந்து, தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தது. பக்கத்து மெஷினில் இருப்பவள் நேற்றுப் பேசினாள், இன்று பேசவில்லை என்பது உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினருக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத்தான் தெரியும். சாதி, புலம்பெயர்ந்தவர் என்ற நிலை ஆகியவற்றின் பேரால் இழைக்கப்படும் இழிவும் ஒப்பந்தத்தின் எல்லைக்குள் வந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. முதல் ஆண்டு அறிக்கையின்படி 185 முறையீடுகள் எழுந்தன, அவற்றில் 182 தீர்க்கப்பட்டன. பாலின வன்முறை சார்ந்தவை 23; அவை அனைத்தும் தீர்வு கண்டன. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது முந்தைய எண். முறையீடுகள் எழுந்தன. குறைகளே இல்லை என்று ஆண்டுதோறும் தணிக்கைத் தாளில் எழுதிவரும் ஆலைகள் எத்தனை!

இது ஒரு குழுமத்தின் ஆலைகளில், ஐயாயிரம் சொச்சம் தொழிலாளரிடையே நடந்தது. பல லட்சம் பேர் உழைக்கும் வட்டாரத்தில் அது எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிடலாம். அதோடு, இன்று திருப்பூரில் தையல் மெஷின் முன் அமர்ந்திருப்பவர் ஒடியாவிலோ இந்தியிலோ கனவு காண்கிறவராக இருக்கக்கூடும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, ரயில் நிலையத்தில் மூட்டையோடு நின்றவர்களுக்கு ஏற்பட்ட அச்சம் பொய்யன்று. அவர்களிடம் அவர்கள் மொழியில் பேசப் பயிற்சி பெற்றவர் யார் இருந்தார்? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண்ணில் (14416) பல மொழிகளில் பேசலாம் என்பது ஒரு தொடக்கம். அந்த எண் விடுதிச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அழைக்கக் கையில் கைப்பேசியும் இருக்க வேண்டும்.

*

அந்த மாணவி பருவத் தேர்வுக்குச் சற்று முன்னால் திரும்பி வந்தாள். கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன், வகுப்பில் அல்ல, நூலக வாசலில், இரண்டே வரியில். "பரவாயில்லீங்கய்யா" என்றாள். பட்டம் பெற்றாள். மில்லில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன்பின் தன்வரலாற்றுப் பாடத்தில் யாரையும் எழுப்புவதில்லை. விரும்பினால் எழுதித் தரலாம், தராமலும் இருக்கலாம், எழுதியதை நான் மட்டும் படிப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பறைக் கதவைச் சாத்துவதையும் நிறுத்திவிட்டேன்.

சென்ற ஆண்டு பழைய பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். புகார்க் குழுவில் தன்னையும் போட்டிருப்பதாகச் சொன்னாள். சூப்பர்வைசர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்ததாம். "அதுல ஏதாச்சும் மாறுச்சாம்மா?" என்று கேட்டேன். கேட்டபிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவள் சற்று யோசித்தாள்.

"முந்தியெல்லாம் பின்னால வந்து சத்தமில்லாம நிப்பாங்கய்யா. இப்ப முன்னால வந்து நின்னு பேர் சொல்லிக் கூப்புடறாங்க."

பல்லடம் பேருந்து வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.